மேட் மென்: யாருக்கு எந்த அறை?

நியூயார்க் விளம்பர ஏஜென்சி ஒன்றைப் பற்றிய அமெரிக்க டிவி தொடர் மேட் மென். அதைப் பற்றி ஒருவர் கேட்டது:

"மேட் மென் ஏழு சீசனும் பார்த்து முடித்தாச்சு. 1960 மார்ச்சில் தொடங்கி 1970 நவம்பரில் முடிகிறது. எல்லாரும் இதை 'வேலையிடம் மாறிய கதை' என்கிறார்கள். பத்து வருஷத்தில் என்னதான் மாறியது? பாவாடை குட்டையானது, கிருதா நீண்டது, சோபா நிறம் மாறியது. ஆம்பிளைகள் அதே ஆம்பிளைகள். மாற்றம் என்று எதைக் காட்டுவீர்கள்?"

ஜூன் 3, காலை

கதை முழுக்க வெளியே வரும். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வசனத்தை மட்டும் கேட்டால் உங்களுக்குத் தோன்றுவது நியாயம்தான். வசனத்தை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள். யார் எங்கே உட்கார்கிறார்கள், அந்த இடத்துக்குக் கதவு உண்டா, உள்ளே வருகிறவன் தட்டிவிட்டு வருகிறானா, தள்ளிக்கொண்டு வருகிறானா. இரண்டாம் முறை பார்த்தபோது எனக்குக் கண் இதிலேயேதான் போனது.

செக்ரட்டரியாக வந்து சேர்கிற பெக்கியை எடுத்துக்கொள்வோம். முதல் எபிசோடில் கிரியேட்டிவ் டைரக்டர் டிரேப்பரின் அறைக்கு வெளியே ஒரு மேசை, அவ்வளவுதான். போகிற வருகிறவன் எல்லாம் ஏற இறங்கப் பார்க்கிறான், மறைத்துக்கொள்ள ஒரு தட்டிகூடக் கிடையாது. முதல் சீசன் முடிவில் விளம்பர வாசகம் எழுதுகிற காப்பிரைட்டர் ஆகிறாள். 1962 பிப்ரவரியில் இரண்டாம் சீசன் தொடங்கும்போது உட்கார ஓர் அறை இருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஆபீஸுக்கு ஜெராக்ஸ் மெஷின் வந்து இறங்குகிறது. எங்கே வைப்பது என்று செக்ரட்டரிகளை மேய்க்கிற ஆபீஸ் மேனேஜர் ஜோன் அலைந்து திரிந்து கடைசியில் கொண்டுபோய் வைக்கிற இடம் பெக்கியின் அறை. வேறு எந்தக் காப்பிரைட்டர் அறையிலும் அதை வைக்க ஜோனுக்கே மனசு வந்திருக்காது.

பிறகு மூத்த காப்பிரைட்டர் ஃப்ரெடி ரம்சன் வேலையை விட்டுப் போக நேர்கிறது, அவர் அறை காலியாகக் கிடக்கிறது. பெக்கி நேரே முதலாளிகளில் ஒருவரான ரோஜரிடம் போய் அந்த அறை எனக்கு வேண்டும் என்கிறாள். வெளியே இருக்கிற ஆண்களில் ஒருத்தனுக்கும் இதைக் கேட்கத் தைரியம் வரவில்லையே என்று ரோஜர் ரசித்துச் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுகிறார். நியாயம் என்று நினைத்துக் கொடுக்கவில்லை, வேடிக்கையாக இருந்ததால் கொடுத்தார். ஆனால் அறை கிடைத்துவிட்டது.

1963 டிசம்பரில் கம்பெனியை உடைத்துக்கொண்டு வெளியேறி ஓட்டல் அறையில் புது ஆபீஸ் தொடங்குகிறார்கள். கட்டிலும் நாற்காலியுமாக எல்லாரும் ஒரே இடத்தில். ரோஜர் பழக்க தோஷத்தில் பெக்கியிடம் காபி கேட்கிறார். "முடியாது." தலைகூட நிமிரவில்லை. சுவரே இல்லாத இடத்தில்தான் அந்த 'முடியாது' அவளுக்கு வாயில் வந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஜூன் 3, இரவு

கடைசி சீசனை விட்டுவிட்டேனே. 1970-இல் மெக்கான் எரிக்சன் என்ற பெரிய ஏஜென்சி இவர்களை விழுங்கிய பிறகு பெக்கிக்கு அங்கே அறையே தயாராகவில்லை. அவளைச் செக்ரட்டரி என்று நினைத்து, வந்து சேர்ந்த செக்ரட்டரிகளுக்கு அனுப்பிய பூவை அவளுக்கும் அனுப்பிவைக்கிறார்கள். பத்து வருஷ உழைப்பு ஒரு பூச்செண்டில் முதல் எபிசோடுக்கே திரும்பிப் போகிறது. வித்தியாசம், இந்தத் தடவை அவள் போய் உட்காரவில்லை. அறை தயாரானால் சொல்லுங்கள் என்று காலியாகிவிட்ட பழைய ஆபீஸிலேயே இருந்துகொள்கிறாள். பிறகு அவள் மெக்கானில் நுழைகிற நடை, அந்தக் கறுப்புக் கண்ணாடி, வாயில் சிகரெட், கக்கத்தில் மூத்த முதலாளி கூப்பரின் ஆக்டோபஸ் படம். அதைப் பற்றி ஏற்கெனவே எல்லாரும் எழுதித் தள்ளிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

ஜூன் 4

டைப்ரைட்டர் பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், அது காலப்பிழைதான். முதல் எபிசோடில் ஜோன் உறையை எடுத்துக் காட்டுவது ஐபிஎம் செலக்ட்ரிக். அது விற்பனைக்கு வந்தது 1961 ஜூலை இறுதியில். கதை நடப்பது 1960 மார்ச். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த தொடரில் இப்படி ஒரு ஓட்டை.

ஆனால் அந்தக் காட்சியில் ஜோன் சொல்வதுதான் முக்கியம்: பயப்படாதே, பெண்களும் பயன்படுத்துகிற மாதிரி எளிதாகத்தான் ஆண்கள் இதைச் செய்திருக்கிறார்கள் என்கிறாள். கிண்டலே இல்லை, அன்பாகத்தான் சொல்கிறாள்.

ஜெராக்ஸ் 914 விஷயத்தில் காலக்கணக்கு சரி. 1959-இல் அறிமுகமானது, 9-க்கு 14 அங்குலத் தாள் வரை எடுக்கும் என்பதால் அந்த எண். எடை சுமார் 300 கிலோ. சூடேறினால் தாள் பற்றிக்கொள்ளும் என்று ஒரு சிறிய தீயணைப்பானையும் சேர்த்தே கொடுத்தார்கள். பெக்கியின் அறையில் இருந்தது இந்த யானைதான். நினைவில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள்.

ஜூன் 5

"1963-இலேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டதே, பெக்கி ஏன் கேஸ் போடவில்லை?"

நல்ல கேள்வி, இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும்.

கென்னடி அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டது 1963 ஜூன் 10. ஏறக்குறைய அதே நாட்களில் நடக்கிற மூன்றாம் சீசன் எபிசோடில் பெக்கி டிரேப்பர் முன்னால் போய் நிற்கிறாள். பேப்பரில் பார்த்தீர்களா தெரியவில்லை, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்று சட்டம் வந்திருக்கிறது என்று ஏதோ வானிலை சொல்கிற மாதிரி ஆரம்பிக்கிறாள். டிரேப்பர் மறுக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இப்போது நேரம் சரியில்லை என்கிறான். கம்பெனியை வாங்கிய லண்டன் முதலாளிகள் பென்சிலையும் கிளிப்பையும் எண்ணிக்கொண்டிருக்கிற காலம், அவன் சொல்வது பொய்யும் இல்லை. இதுதான் என் நேரமாக இருந்தால் என்ன செய்வது என்று பெக்கி கேட்கிறாள். அதற்கு அவனிடம் பதில் இல்லை. அவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, மேசையில் பரிசுப் பொருட்கள். அவள் அவற்றைப் பார்த்து, உங்களிடம் எல்லாமே இருக்கிறது, அதுவும் இவ்வளவு இருக்கிறது என்கிறாள். குழந்தை பெற்று, அதை விட்டு வந்தவள் சொல்கிற வார்த்தை. அந்தக் குழந்தையின் அப்பா, கிளையன்ட் பார்க்கிற பீட், இரண்டாம் சீசன் முடிவில் அவள் வாயாலேயே அதைக் கேட்டுவிட்டு, அதே ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறான்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே ஒரு வருஷம் கழித்து. அதைவிட முக்கியம், நிர்வாகப் பதவி, தொழில்முறைப் பதவி என்று வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு அது 1972 வரை பொருந்தவே இல்லை. டைப்பிஸ்ட்டாகவே இருந்திருந்தால் சட்டம் அவளுக்குத் துணை நின்றிருக்கும். காப்பிரைட்டர் ஆனதும் அந்த வேலிக்கு வெளியே போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மேலே ஏறினாள், பாதுகாப்பு போனது. எழுதியவர்கள் இந்த நுணுக்கத்தை மனதில் வைத்துத்தான் எழுதினார்களா, தெரிந்துகொள்ள ஆசை.

ஜூன் 5, பின்னிரவு

இன்னொன்று. பெக்கி இந்த வேலையைப் பேப்பரில் தேடியிருந்தால் எந்தப் பத்தியில் தேடியிருப்பாள்? அன்று 'ஆண்கள் தேவை', 'பெண்கள் தேவை' என்று விளம்பரப் பத்திகளே தனித்தனி. நியூயார்க் டைம்ஸ் அதைக் கைவிட்டது 1968 கடைசியில். அதற்குள் பெக்கி காப்பிரைட்டர்களுக்குத் தலைவியான காப்பி சீஃப் ஆகிவிட்டாள். எந்தப் பத்தியில் போட்டு அவளை எடுத்திருப்பார்களோ.

ஜூன் 6

ஆண்களுக்கும் அறைச் சண்டை உண்டே என்கிறீர்கள். உண்டு, நன்றாகவே உண்டு! பீட்டின் அறை நடுவில் ஒரு தூண். கிளையன்ட்டைக் கொண்டுவந்து இழுக்கிறவன் நான், எனக்குத் தூணா என்று பொருமுகிறான். கடைசியில் ரோஜர் பாக்கெட்டிலிருந்து பணக்கட்டை எடுத்து டிவி பிரிவைப் பார்க்கிற ஹாரிக்குக் கொடுத்து அறையை மாற்றிக்கொள்ள வைக்கிறார். கூப்பருக்கு நான்காம் சீசனில் அறையே இல்லை, முன்கூடச் சோபாவில் செருப்பில்லாமல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். பெயர்ப்பலகையில் இருக்கிறவர்!

ஆனால் ஒன்று, ஆண்களின் அறைச் சண்டையைத் தொடர் காமெடியாகவே எடுத்திருக்கிறது. பெண்கள் அறை கேட்கிற இடத்தில் ஒருத்தரும் சிரிப்பதில்லை, ரோஜரைத் தவிர.

ஜூன் 8

ஜோன் ரசிகர்கள் கோபித்துக்கொள்வது நியாயம். பெக்கி, பெக்கி என்றே ஓட்டிவிட்டேன்.

எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் வலித்த இடம் ஜோனுடையதுதான். ஜாகுவார் விவகாரம் இல்லை. அதற்கு ரொம்ப முன்னால், இரண்டாம் சீசனில். ஹாரியின் டிவி பிரிவில் ஸ்கிரிப்ட் படித்து, எந்த இடத்தில் யாருடைய விளம்பரம் வந்தால் இடிக்கும் என்று குறித்துக் கொடுக்கிற வேலைக்கு ஆள் இல்லை. ஜோன் உதவிக்குப் போகிறாள். வீட்டுக்கும் கொண்டுபோய்ப் படிக்கிறாள். கிளையன்ட்டுகள் முன்னால் அவள் பேசினால் எல்லாரும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். முகத்தில் ஒரு வெளிச்சம், அதுவரை அவளிடம் பார்க்காதது. பிறகு ஹாரி ஒரு பையனைக் கூட்டிவந்து, இனி இவன் பார்த்துக்கொள்வான், நீ கொஞ்சம் சொல்லிக்கொடு என்கிறான். கெட்ட எண்ணமே இல்லை ஹாரிக்கு. அந்த வேலையை ஜோனுக்கே கொடுக்கலாம் என்பது அவன் தலையில் உதிக்கவில்லை, அதுதான் விஷயம்.

இரவு வீட்டில் ஜோன் உள்ளாடைப் பட்டை தோளில் பதித்த சிவந்த தடத்தை விரலால் தேய்த்துக்கொள்கிறாள். வசனம் கிடையாது. அந்த அழகான உருவத்துக்கு நாள் முழுக்க என்ன விலை என்று ஒரே ஷாட்டில் காட்டிவிட்டார்கள்.

எனக்கும் இது நடந்தது. பழைய வேலையிடத்தில் ஒரு புது மென்பொருளை யாரும் தொடமாட்டேன் என்றபோது நான் கற்றுக்கொண்டு எல்லாருக்கும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அது முக்கியமான வேலை என்று மேலே தெரிந்ததும் அதற்கென்று பதவி உருவானது, அதற்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார், நான்தான் அவருக்குப் பயிற்சி. அவர் நல்ல மனிதர், இன்றும் பேசிக்கொள்வோம். அந்தப் பதவிக்கு என்னைக் கேட்டார்களா என்று அவர் ஒரு நாள் சாதாரணமாக விசாரித்தபோதுதான், கேட்கவே இல்லை என்பது எனக்கே உறைத்தது. ஜோன் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற காட்சியை அதற்குப் பிறகு முழுசாகப் பார்க்க முடிவதில்லை, தள்ளிவிட்டுவிடுவேன்.

ஜூன் 9

"பெக்கி எல்லாம் கற்பனை, அந்தக் காலத்தில் அப்படிப் பெண்ணே கிடையாது" என்பவருக்கு.

கிடையாதா? டாயில் டேன் பெர்ன்பாக் ஏஜென்சியில் ஃபில்லிஸ் ராபின்சன் 1949-இலிருந்தே காப்பி சீஃப். பெக்கி அப்போது சின்னப் பெண். ஷெர்லி பாலிகாஃப் கிளெய்ரால் தலைச்சாய விளம்பரத்தை எழுதியது 1956. மேரி வெல்ஸ் 1966-இல் வெல்ஸ் ரிச் கிரீன் என்று சொந்த ஏஜென்சியே தொடங்கினார், பிறகு நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிக்குத் தலைமை வகித்த முதல் பெண் என்று பெயர் வாங்கினார். கடைசி எபிசோடில் பீட் பெக்கியிடம் 1980-க்குள் நீ கிரியேட்டிவ் டைரக்டர் ஆகிவிடுவாய் என்று வாழ்த்துகிறானே, அது ஒரு விதத்தில் சாபம். 1980-ஆம்! மேரி வெல்ஸ் முதலாளி ஆகிப் பதினான்கு வருஷம் கழித்து.

ஆக பெக்கி காலத்துக்கு முந்தி வந்தவள் இல்லை. சராசரி இடத்தில் மாட்டிக்கொண்ட கெட்டிக்காரி.

ஜூன் 11

இப்போது டான் சேம்பர்ஸ். தமிழில் எழுதினால் டிரேப்பருக்கும் இவளுக்கும் ஒரே முதல் பெயர் வந்து தொலைக்கிறது. அதனால்தான் அவனை ஆரம்பத்திலிருந்தே டிரேப்பர் என்கிறேன். இனி டான் என்றால் இவள்தான்.

இவள் எப்படி வேலைக்கு வந்தாள் என்பதே ஒரு அவமானக் கதை. 1966-இல் யங் அண்ட் ரூபிகம் ஏஜென்சி ஜன்னலிலிருந்து சிலர் கீழே போராடிய கறுப்பின மக்கள் மேல் தண்ணீர்ப் பைகளை வீசினார்கள். அது கற்பனை இல்லை, நியூயார்க் டைம்ஸில் வந்த செய்தி. அதைக் கிண்டல் செய்ய நம் ஆட்கள், எங்கள் நிறுவனத்தில் எல்லாருக்கும் சம வாய்ப்பு உண்டு என்று பேப்பரில் விளம்பரம் கொடுக்கிறார்கள். மறுநாள் முன்கூடத்தில் வேலை கேட்டு உண்மையிலேயே ஆட்கள் வந்து நிற்கிறார்கள். நகைச்சுவைக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டு ஒருத்தியை வேலைக்கு எடுத்தார்கள். அந்த ஒருத்தி டான்.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு செக்ரட்டரி தன் வருகை அட்டையை டான் கையால் குத்தவைத்துவிட்டு முன்கூட்டியே கிளம்பிவிடுகிறாள். ஜோன் கண்டுபிடித்து அவளை நீக்குகிறாள், ஹாரி தலையிட்டு அதை ரத்து செய்கிறான். டானுக்குத் தண்டனையாக, ஸ்டேஷனரி அலமாரிச் சாவியும் எல்லாருடைய வருகை அட்டைகளும். இனி மற்ற பெண்கள் உன்னை வெறுப்பார்கள் என்பதுதான் தண்டனை என்று ஜோனுக்கும் தெரியும், டானுக்கும் தெரியும். வெறுத்தால் வெறுக்கட்டும், நீங்கள் வெறுக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் டானின் பதில்.

பிறகு 1969 காதலர் தினம், ஏழாம் சீசன். ஜோன் டானை முன்கூட வரவேற்பு மேசைக்கு மாற்றுகிறாள். கூப்பர் வந்து, கறுப்பின மக்கள் முன்னேறட்டும், ஆனால் ஆபீஸின் முன்வாசல் வரைக்கும் முன்னேற வேண்டாம், லிஃப்ட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிறது என்கிறார். குரலை உயர்த்தவில்லை. பார்க்கிறவர்களில் பாதிப் பேர் செல்லத் தாத்தாவாகக் கொண்டாடிய கூப்பர்! எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த பிரியம் அந்த நிமிஷத்தோடு சரி.

அன்று மாலைக்குள் ஜோன் மேல் மாடிக்கு, கிளையன்ட் பார்க்கிற வேலைக்குப் போகிறாள். தன் பழைய வேலையையும் தன் அறையையும் டானிடம் கொடுக்கிறாள். லிஃப்ட்டிலிருந்து தெரியக்கூடாது என்று சொன்னவரின் ஆபீஸில் எல்லாருடைய வருகையையும் லீவையும் இனி அவள் பார்ப்பாள். கதவுள்ள அறையில்.

முதலில் கேள்வி கேட்டவரே, ஒரே ஒரு காட்சியைக் காட்டு என்றால் நான் காட்டுவது இதுதான்.

ஜூன் 12

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். கொஞ்சம் வெற்றிக்கதை வாசனை அடிக்கிறது. அதே எபிசோடிலேயே அதற்கு மாற்று மருந்தும் இருக்கிறது.

டானும் ஷெர்லியும் காலையில் பார்த்துக்கொண்டால் "வணக்கம் டான்" என்று டான் சொல்வாள், "வணக்கம் ஷெர்லி" என்று ஷெர்லி சொல்வாள். இரண்டு கறுப்பினப் பெண்களின் பெயரையும் ஆபீஸ் மாற்றி மாற்றிக் கூப்பிடுவதால் அவர்களுக்குள் அப்படி ஒரு விளையாட்டு. அறை கிடைத்த பிறகும் பெயர் மாறித்தான் விழுந்திருக்கும்.

அந்த ஷெர்லி மெக்கானுக்குப் போகவில்லை. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகிறேன் என்று ரோஜரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறாள். இந்த விளம்பரத் தொழில் எல்லாருக்கும் சௌகரியமான இடம் இல்லை என்கிறாள், அவ்வளவு பதவிசாக. ரோஜர் நிஜமாகவே ஆச்சரியப்படுகிறார். அத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தவளுக்கு அசௌகரியம் இருந்தது என்பது அவருக்குச் செய்தி.

ஜூன் 14

ஜாகுவார். தவிர்க்கவே பார்த்தேன், விடமாட்டேன் என்கிறீர்கள்.

ஜோன் பார்ட்னர் ஆனது எப்படி என்பது தெரிந்ததே: ஜாகுவார் கார் விளம்பரம் கைக்கு வர, அந்தப் பக்கத்து ஆள் ஒருவனோடு ஓர் இரவு. பீட் கொண்டுவந்த பேரம் 50,000 டாலர். ரொக்கம் வாங்காதே, ஐந்து சதவீதப் பங்கு கேள் என்று கணக்கு வழக்கு பார்க்கிற பார்ட்னர் லேன் யோசனை சொல்கிறான். அவன் கம்பெனிப் பணத்தில் கை வைத்துவிட்டு, ரொக்கம் வெளியே போனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் சொன்ன யோசனை. சுயநலத்தில் சொன்னாலும் ஜோன் வாழ்க்கையில் கிடைத்த ஒரே உருப்படியான நிதி ஆலோசனை அதுதான்.

அந்தப் பங்குதான் 1970-இல் மெக்கானில் அவளுக்கு வர வேண்டிய ஐந்து லட்சம் டாலர் ஆகிறது. அங்கே ஒவ்வொருத்தனும் அவள் வேலையைக் கெடுக்கிறான், இல்லாவிட்டால் கையைப் பிடிக்கப் பார்க்கிறான். மெக்கான் தலைவன் ஜிம் ஹோபார்ட்டிடம் போய், சம வேலைவாய்ப்பு ஆணையத்தைக் கூப்பிடுவேன், பெண்ணுரிமைப் போராளி பெட்டி ஃப்ரீடன் உங்கள் வாசலில் வந்து நிற்பார் என்கிறாள். பேப்பர்கள் எங்கள் விளம்பரக் காசில்தான் ஓடுகின்றன என்கிற தொனியில் அவன் பதில். பாதி வாங்கிக்கொள் என்கிறான்.

அவள் மிரட்டல் சட்டப்படி எவ்வளவு கனம்? 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதி 1965 ஜூலையில் அமலானபோது நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கிற நிறுவனங்களுக்குத்தான். அது படிப்படியாக இறங்கி 1968-இல் இருபத்தைந்து பேர் என்றானது. ஓட்டல் அறையில் பிறந்த இவர்களுடைய சின்னக் கம்பெனியை அது ஆரம்பத்தில் தொட்டே இருக்காது. மெக்கான் மாதிரி ராட்சசனைத்தான் தொடும். ஆனால் ஆணையம் தானே கோர்ட்டுக்குப் போகும் அதிகாரம் வந்தது 1972-இல். அதுவரை விசாரிக்கலாம், சமரசம் பேசலாம். ஆகவே ஹோபார்ட் பயப்பட வேண்டியது ஆணையத்துக்கு இல்லை, வாசலில் வந்து நிற்கப்போகிற பெண்களுக்குத்தான். 1970 மார்ச் 16 அன்று நியூஸ்வீக் பத்திரிகையின் 46 பெண்கள் புகார் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து லேடீஸ் ஹோம் ஜர்னல் பத்திரிகை ஆசிரியரின் அறையைப் பெண்கள் பதினோரு மணி நேரம் முற்றுகையிட்டார்கள். ஆசிரியரின் அறையைத்தான். நான் சொல்கிற அறைக் கணக்கு நிஜத்திலும் வேலை செய்கிறது பாருங்கள்.

ஜோன் பாதியை வாங்கிக்கொண்டு போய்விட்டாளே, தோல்விதானே என்று கேட்டவருக்கு: ஆமாம், தோல்விதான். அதை வெற்றி என்று வண்ணம் பூச எனக்கு இஷ்டமில்லை. கதவைத் திறந்து வெளியே போகும்போது மகன் போட்டோவை எடுத்துக்கொண்டாள். இரண்டரை லட்சம் டாலரை விட்டுவிட்டுப் போவதற்கும் ஒரு தெம்பு வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 15

"அந்தக் கால ஆபீஸ் ஜாலி. மேசையிலேயே விஸ்கி, மத்தியானம் தூக்கம், யாரும் கேட்கமாட்டார்கள்."

ஃப்ரெடியைக் கேளுங்கள். குடித்துவிட்டுப் பேண்ட்டிலேயே சிறுநீர் போய், அடுத்த அறையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்து, ஆறு மாத லீவு என்று பெயர் வைத்து அனுப்பிவைத்தார்களே. அனுப்பிவைக்கிற அன்று இரவும் கூட்டிப்போய்க் குடிக்கத்தான் வைத்தார்கள். அவர் குடியை விட்டுத் திரும்பி வருகிறார், ஏழாம் சீசனில் டிரேப்பரைத் தூக்கி நிறுத்துவதும் அவர்தான்.

டிரேப்பர் திரும்ப வரும்போது போட்ட நிபந்தனைகள் நினைவிருக்கிறதா? கிளையன்ட் உபசாரம் தவிர ஆபீஸில் குடிக்கக்கூடாது, எழுதிக்கொடுத்ததைத் தாண்டிப் பேசக்கூடாது, கிளையன்ட்டோடு தனியே இருக்கக்கூடாது. உட்கார லேனின் பழைய அறை. லேன் தூக்குப் போட்டுக்கொண்ட அறை! அதற்கு அடுத்த எபிசோடில் அவனுக்கு மேலாளர் பெக்கி. வாரத்துக்கு நூறு டாலர் கூடுதல் சம்பளம் போட்டு, இவனை மேய்க்கிற வேலையை அவள் தலையில் கட்டுகிறார்கள். அவள் தன் அறைக்கு வரச்சொல்லி, 25 வாசகம் எழுதிக் கொடு என்கிறாள். அவன் எழுதமாட்டேன் என்று அடம் பிடிக்கிறான். முதல் எபிசோடில் அவன் அறை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவள்.

ஜூன் 17

கம்ப்யூட்டர் பற்றி நான் எழுதவே இல்லை என்று மூன்று பேர். 1969-இல் ஐபிஎம் 360-ஐ வைக்க, எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் கூடி உட்கார்கிற பொது அறையை இடிக்கிறார்கள். காப்பிரைட்டர் ஜின்ஸ்பெர்க்குக்கு அதன் ரீங்காரத்தில் மூளை குழம்பிப் போகிறது. அவன் தன் உடம்பிலிருந்தே அறுத்துப் பெட்டியில் வைத்துப் பெக்கிக்குக் கொடுக்கிற பரிசைப் பற்றி, நீங்கள் சாப்பிடும்போது யோசிக்காதீர்கள். கம்ப்யூட்டரை வில்லனாகக் காட்டுகிறார்கள் என்பது மேலோட்டமான வாசிப்பு. மெஷினுக்கு ஏசி அறை உண்டு, ஆளுக்குச் சோபாகூட இல்லை, அதுதான் விஷயம்.

ஜூன் 20

என் அறைக் கணக்கை ஒரே வரியில் உடைத்திருக்கிறார் ஒருவர்: "அப்போ சால்?"

உண்மை. தன்பாலீர்ப்பை மறைத்தே வாழ்கிற சால்வடோர் ரொமானோவுக்கு முதல் நாளிலிருந்தே அறை இருந்தது, கதவு இருந்தது, ஆர்ட் டைரக்டர் பதவி இருந்தது. சிகரெட் கம்பெனி வாரிசு அவனிடம் அத்துமீறப் பார்க்கிறான், சால் மறுக்கிறான், அவனை நீக்கு என்று அந்த வாரிசு ஃபோன் செய்து, பிறகு கூட்டத்திலிருந்து எழுந்து போனதும் சால் வேலை போகிறது. டிரேப்பரிடம் நடந்ததைச் சொன்னால், பெரிய கிளையன்ட்டாயிற்றே, நீ அனுசரித்துப் போயிருக்கக்கூடாதா என்கிற பார்வை. பெண்கள் கேட்டுக் கேட்டுப் புளித்த அதே பார்வை. அதன் பிறகு மீதி நான்கு சீசனில் சால் முகமே இல்லை. தன்பாலீர்ப்பாளர்கள் போலீசை எதிர்த்து எழுந்த ஸ்டோன்வால் கலவரம் நடந்த 1969 ஜூனும் கதையில் கடந்துபோகிறது, அவனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் ஜோனுக்காகப் பேசிய அதே 1964 சட்டம் சால் போன்றவர்களையும் காக்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 2020-இல்.

அறை ஒருத்தருக்குக் கிடைத்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றம் என்று சொல்லிவிட முடியாது, எடுத்த எடுப்பில் யாரால் பிடுங்க முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சால் விஷயத்தில் ஒரு கிளையன்ட்டின் கோபம் போதும். ஜோன் விஷயத்தில் இரண்டரை லட்சம் டாலர் செலவழிக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான், முதலில் கேட்டவரே, அந்தப் பத்து வருஷத்தில் மாறியது. குறைவு என்றால் குறைவுதான், சண்டைக்கு வரவில்லை.

ஜூன் 22

டிரேப்பரின் செக்ரட்டரி மெரடித்தைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்று கேட்டவருக்கு என் முழு ஆதரவு. டிரேப்பர் காணாமல் போனாலும் அவன் மேசையை ஒழுங்காக வைத்திருந்தது அவள்தான். கடைசியில் ரோஜர் அவளையும் வேலையை விட்டு அனுப்புகிறார். அவர் நல்ல இடத்தில் இருக்கட்டும் என்று டிரேப்பரைப் பற்றிச் சொல்கிறாள். செத்துப் போகவில்லையே அவன் என்கிறார் ரோஜர். இதைவிட நல்ல இடம் எத்தனையோ இருக்கிறதே என்கிறாள். அந்த ஆபீஸைப் பற்றி இவ்வளவு சரியாக எந்தக் காப்பிரைட்டரும் எழுதவில்லை.

ஜோன் கடைசியில் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே சொந்தக் கம்பெனி தொடங்குகிறாளே, அது எந்தக் கணக்கில் வரும் என்று இன்னொருவர். அதற்குத் தனியாக எழுத வேண்டும். பெக்கி அந்த மேசைக்கு வராமல் மெக்கானிலேயே இருந்தது சரியா என்பதில் என் வீட்டிலேயே இரண்டு கட்சி. நான் ஜோன் பக்கம். ஆட்சேபம் இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வோம், அதற்கு முன் அவான் எபிசோடை எல்லாரும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரவும். பெக்கி பொய் ஃபோன் செய்தி அனுப்பி ஜோனைக் காப்பாற்றுகிறாளே, அது.